டத்தோவின் கண்

"தமிழ்ப் பிள்ளைகளின் கண்களைத் திறக்கவே பிறந்தேன்!" என்று மலேசியாவின் ஜெஞ்சாரோம் தோட்டப் பள்ளியின் இலவசக் கண்ணாடி முகாமில் முழங்கினார், தமிழ்க் கல்வி அறவாரியத் தலைவரும் அரசின் 'டத்தோ' பட்டம் பெற்றவருமான நாச்சியப்பன்.

போன வருஷம், கரும்பலகையைப் படிக்கத் திணறிய மாணவி உமையாளை "மக்கு" என்று சொல்லி எல்லார் முன்னும் சிரித்தவர் இவர்தான். அவளுக்குக் கிட்டப்பார்வை. அதன்பிறகு அவள் பள்ளிக்கே வரவில்லை.

ஆசிரியை சீதாலெட்சுமி, தானே தமிழில் எழுதிய கண் பரிசோதனை அட்டையைச் சுவரில் மாட்டினார்.

"பிள்ளைங்க பயப்படுதுங்க, டத்தோ. முதல்ல நீங்க படிச்சுக் காட்டுங்க."

டத்தோ கண்ணைச் சுருக்கினார். "மங்கலா இருக்கு லா."

முகாமுக்கு வந்திருந்த கண் டாக்டர் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டார்.

"இது?"

"மங்கல்."

"இது?"

"அதேதான்."

கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர் குழம்பினார். "உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லையே, டத்தோ!"

சீதாலெட்சுமி மேடையில் கிடந்த அவருடைய உரையை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

தமிழ் உரை முழுவதும் ஆங்கில எழுத்தில் இருந்தது.