அப்பாவின் கையில் ஒரு தடிப்பு

பொன்மதியின் தோல் எது பட்டாலும் தடித்துவிடும்; அதில் சோதித்தால் எதுவும் பிடிபடாது. அதனால், அவளை மூச்சுத் திணற வைப்பது எந்தப் பூவின் மகரந்தம் என்பதை அவள் அப்பா சேதுராசின் கையில்தான் சோதித்தார்கள். அவள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரை முந்தின நாளே அவன் முன்கையில் வரிசையாக ஊசியால் ஏற்றி, பேனாவால் வட்டம் போட்டிருந்தார் டாக்டரம்மா. இன்று வட்டத்துக்கொரு மகரந்தக் கரைசலை வைத்தார். வேம்பு பேசாமல் கிடந்தது. புளியும் அப்படித்தான். கடைசி வட்டம் மட்டும் சிவந்து, கொப்புளமாக எழும்பியது.

"கண்டுபிடிச்சாச்சு. சீமைக்கருவேலம்! அந்தப் பூவோட சண்டை போடுற ஆன்டிபாடி உங்க மக ரத்தத்துல இருக்கு" என்றார் சந்தோஷமாக.

அரிப்புத் தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு சேதுராசு ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே கண்மாய் நெடுக, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும், அது மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது.

"ரத்தத்துலருந்து அத மட்டும் எடுத்துர முடியாதா, டாக்டரம்மா?"

அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்மதி அப்பாவின் கையை மடியில் இழுத்து வைத்து, தடிப்பின் மேல் ஊதினாள். "ஒண்ணுமில்லப்பா, இப்பச் சரியாயிரும்" என்றாள், அவன் எப்போதும் அவளுக்குச் சொல்கிற அதே குரலில். ஊதி முடிப்பதற்குள் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது.