டென்ஷன் இல்லாத காலை

"சார், இந்த நிமிஷத்துல மட்டும் இருங்க. மூச்சை உள்ள இழுங்க. தோளை இறக்குங்க... அது ஏன் காதுகிட்ட போயிருக்கு?" என்றாள் ஜாய்ஸ்.

ஜெகதீசன் தோளை இறக்கினார். தனக்குத் தோள் இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊரப்பாக்கத்தில் ஆறு லாரிகளையும் அவற்றின் டிரைவர்களையும் ஒற்றை போனில் மேய்ப்பவர் அவர். மூன்று மாதமாக அதோடு வேறு அலைச்சலும் சேர்ந்துகொள்ள, தூக்கம் போயிற்று. முந்தின நாள் படியிறங்கும்போது தலையும் சுற்றிவிட்டது.

அதனால்தான், குடும்பத்தோடு தங்கியிருந்த திருவிடந்தை ரிசார்ட்டில் பொழுது விடிந்ததுமே அவரைக் கடற்கரைக்குத் துரத்தினாள் மனைவி கண்ணகி.

"இங்க இன்னாவோ எக்சர்சைஸ் சொல்லித் தராங்களாம். அரை மணி நேரம் போயிட்டு வாங்க. நீங்க கத்திகினு இருந்தா எல்லாருக்கும் பேஜாரு."

கடலைச் சும்மாவே பார்க்கலாம். ஆனால் எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர ரிசார்ட்காரர்கள் ஜாய்ஸை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவள் முதல் காரியமாக அவருடைய போனையும் வாட்சையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஜெகதீசன் குனிந்தார். முட்டிவரை போன விரல்கள் அதற்குமேல் போக மறுத்தன.

"சூப்பர் சார்!" என்றாள் ஜாய்ஸ். அப்படிச் சொல்வதும் அவள் வேலையில் சேர்த்தி.

"மாமா!" சவுக்குத் தோப்பு ஓரமாக மச்சினன் தனகோடி மூச்சிரைக்க ஓடி வந்தான். "எல்லாரும் உங்களத்தான் கேட்டுகினு கீறாங்க. வாங்க மாமா."

"வரேன், போடா. கொஞ்ச நேரம் நான் இல்லாட்டி இன்னா குடி முழுகிடுமா?"

ஜாய்ஸ் கைதட்டினாள். "பாத்தீங்களா, டென்ஷனை நீங்களே கட் பண்றீங்க! இப்ப மெதுவா நடப்போம். காலுக்குக் கீழ மணல், காதுல அலை. வேற எதுவும் வேணாம்."

நெம்மேலிப் பக்கமாக நடந்தார்கள். முதலில் டீசல் விலை நினைவுக்கு வந்தது. அப்புறம் மதுராந்தகத்தில் பஞ்சரான லாரி. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் தலைக்குள் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அதைச் சொல்லக் கையில் வாட்ச் இல்லை.

தூரத்தில் தனகோடி மறுபடி வந்து நின்று, வாயைக் குவித்துக் கத்தினான்.

"மாமா! அந்தப் பக்கத்து ஆளுங்க ரெடியா உக்காந்துட்டாங்க! நேரம் போவுதாம்! நீங்க வந்து உங்க கையால குடுக்கணுமாம்!"

லாரிக்கு லோடு ஏற்ற வரும் எந்தப் பார்ட்டியோ இங்கேயும் மோப்பம் பிடித்து வந்துவிட்டான் போல. ஜெகதீசன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எதுவா இருந்தாலும் நீயே குடுத்துடுடா! எல்லாத்துக்கும் நானேவா வரணும்?"

ஜாய்ஸ் நெகிழ்ந்துபோனாள். "பெரிய பெரிய ஆபீசருங்களுக்கே இந்த மனசு வர ஒரு வாரம் ஆவும் சார்."

வெயில் சுள்ளென்று ஏறிய பிறகுதான் திரும்பினார்கள். ஜெகதீசனுக்கு உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. ரிசார்ட் வாசலில் கண்ணகி பட்டுப்புடவையில் நின்றிருந்தாள்.

"பாத்தியாடி, எவ்ளோ அமைதியா கீறேன்!" என்றார் பெருமையாக.

அவள் விலகினாள். பின்னாலிருந்து கழுத்தில் மாலையும் புதுத் தாலியுமாக அவருடைய ஒரே மகள், மாப்பிள்ளையோடு வந்து காலில் விழுந்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னு தனகோடி மாமாவே என்னைத் தாரை வார்த்துக் குடுத்துட்டாருப்பா. ஆசீர்வாதமாவது நீங்க பண்ணுங்க."