பெயர் பொறித்த கரண்டிகள்

லிடியாவைக் கால் மணித்தியாலத்தில் முடித்துவிட்டாள் குகனேஸ்வரி. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

சமையலறை மேசையில் விரித்திருந்த துவாயில் ஹரியற், அபிகேல், பீபி, யூனிஸ் நால்வரும் தங்கள் முறைக்காகக் கிடந்தார்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் கல்யாணம் முடித்த பெண்கள். ஆளுக்கொரு வெள்ளிக் கரண்டி. அதன் பிடியில் கூட்டெழுத்தில் அவளுடைய பெயர்.

வீட்டு எஜமானி சிஞ்ஞோரா பழஞ்சாமான் சந்தைகளில் தேடித்தேடி வாங்கியவை அவை. ஆறாவது கரண்டி புதன்கிழமைதான் இழுப்பறைக்கு வந்தது. அதன் பெயரை சிஞ்ஞோரா இன்னும் சொல்லவில்லை. அச்செழுத்தென்றால் குகனேஸ்வரி எழுத்துக்கூட்டி வாசிப்பாள். இந்தக் கொடி ஓடிய எழுத்து அவளுக்குப் பிடிபடாது.

இத்தாலியின் பலெர்மோ நகரில், இந்த வீட்டில், அவளுக்கு ஆறு வருடம். அவளுக்கு முன் இங்கே வேலை செய்தவள் ரீனா. அதனால் இவளும் ரீனா. உன் பெயர் என் வாய்க்குள் நுழையாது என்று சிஞ்ஞோரா முதல் நாளே சிரித்துவிட்டாள்.

அந்த வாய்க்குள் ஹரியற் நுழைந்தாள், அபிகேல் நுழைந்தாள். செத்துப்போன இத்தனை பேரும் நுழைந்தார்கள். விருந்தாளிகள் வந்தால் ரீனா கரண்டிகளைக் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொரு பெயராகப் பிழையில்லாமல் சொல்லிக்காட்ட வேண்டும். அவர்கள் கைதட்டுவார்கள். தட்டுகிற கைகளைப் பார்த்து அவளும் சிரித்து வைப்பாள். பிறகு குசினிக்குள் வந்து, தன் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள்.

திங்கட்கிழமை சிஞ்ஞோரா அவளுடைய பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதி அட்டையை, கேட்டு வாங்கினாள். அதிலிருந்து ஏதோ எழுதி எடுக்க வேண்டுமாம். நேற்று தங்கையோடு தொலைபேசியில் கதைக்கும்போது சொன்னாள்: "ரீனாவின் விஷயம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் சொல்லப்போகிறேன்."

பழைய ரீனாவையும் இப்படி ஒரு விருந்தின் முடிவில்தான் நிறுத்தினாள் என்று மேல்மாடியில் வேலை செய்பவள் சொல்லியிருந்தாள். வேலை போனால் அடுத்த முறை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் இந்த ஊரும் இல்லை.

குகனேஸ்வரிக்குச் சத்தம் போடத் தெரியாது. களவெடுக்கவும் மனம் வராது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தேய்க்கத்தான். சொரசொரப்பான அரத்தாளை இரண்டாக மடித்தாள்.

பீபியிடம் மட்டும் ஒரு கணம் தயங்கினாள். யாரோ ஒரு தாய் ஆசையாக வைத்த பெயர். என் அம்மாவும் ஆசையாகத்தான் வைத்தாள் என்று நினைத்ததும் கை முன்னிலும் வேகமாக ஓடியது.

புதியவள் லேசில் அடங்கவில்லை. அவளுடைய பெயர் நீளம். பிடியின் நுனியில் தொடங்கிக் கழுத்துவரை போனது. மற்றவர்களுடையதைப்போலத் தேய்ந்த வெட்டும் இல்லை, விரலைக் கீறியது. நீ யாரடி, உனக்கு இவ்வளவு பெரிய பெயர் என்று கேட்டுக்கொண்டே அழுத்தித் தேய்த்தாள். கடைசி வளைவும் மறைந்தபோது அவள் மனதில் ஒரு குளிர்ச்சி பரவியது. நாளைக்கு விருந்தாளிகள் முன் சிஞ்ஞோராவின் முகம் போகும் போக்கை நினைத்து, ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாள்.

அழைப்புமணி அடித்தது. செலஸ்ரீனா நின்றாள். மன்னார்ப் பிள்ளை, ஒரேத்தோத் தெருவில் இவளுடைய அடுத்த அறைக்காரி. பொலிதேயாமாச் சதுக்கத்தில் ஒரு நகைக்கடையைக் கூட்டித் துடைப்பவள். சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்துதான் பஸ் எடுப்பார்கள்.

"சிஞ்ஞோரா நிக்கிறாவோ?"

"தங்கச்சி வீட்டை போயிட்டா. வா உள்ளுக்கு."

"என்னக்கா, முகம் மினுங்குது. லொத்தர் விழுந்திட்டுதோ?"

"நாளைக்கு உவ என்னை நிப்பாட்டப் போறா. அதுக்கு முதல் நான் ஒரு வேலை செய்துபோட்டன்."

"நிப்பாட்டப் போறாவோ? ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? என்ரை காதாலை கேட்டனான். எல்லாருக்கும் முன்னாலை சொல்லப்போறாவாம். பெர்மெஸ்ஸோவையும் வாங்கி எழுதி எடுத்தவ."

செலஸ்ரீனா கதிரையில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்களுக்கு நல்ல விசர். நாளைக்கு உவ சொல்லப்போறது என்னெண்டு எனக்குத் தெரியும்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"வாயைத் திறக்கக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. ஆனா எனக்கு ஒண்டும் வயித்துக்கை நிக்காதெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. புதன்கிழமை உவ கொண்டுவந்த கரண்டியை ஒருக்காக் காட்டுங்கோ."

குகனேஸ்வரி துவாயைக் காட்டினாள். ஆறு கரண்டிகளும் சன்னல் வெளிச்சத்தில் ஒரே மாதிரிப் பளபளத்தன.

செலஸ்ரீனா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். மூன்றாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறாவதன் வெறும் பிடியைப் பெருவிரலால் தடவினாள்.

"எங்கடை கடையிலைதான் வெட்டினது. இங்கிலீசு எழுத்திலை பதினொண்டு. பிழை வந்திடுமெண்டு உவ பக்கத்திலை இருந்து பாத்தவ. சரியோ எண்டு என்னட்டையும் வாசிப்பிச்சவ."

"எதை வாசிப்பிச்சவ?"

"உங்கடை பேர் வெட்டின கரண்டி எங்கை, அக்கா?"