மற்றப் பக்கக் கதவு

கொடிகாமத்துப் பட்டறையொன்றில் பழைய லொறி ஐஸ்கிறீம் கடையாகிக்கொண்டிருக்கிறது. போன மாதம் அதை விற்ற மகாதேவி, உள்ளே மறந்துவிட்டுப்போன வைரவர் படத்தை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள். சாரதிப் பக்கத்துக் கதவின் துப்பாக்கிச் சூட்டு ஓட்டைகளுக்குள்ளால் வெயில் புகுந்து, ஆசனத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடக்கிறது. அந்த ஆசனத்தில் இருந்தபடியேதான் அவளுடைய மனுசன் செத்துப்போனார். அதன் பிறகு எத்தனை தரம் பெயின்ற் அடித்தும் அந்த ஓட்டைகளை அடைக்க அவள் விட்டதில்லை. இப்போது அவற்றில் பட்டி பூசப்போன பட்டறை வேலையாள் மயூரதனின் கையை, லொறியை வாங்கிய ஜெயதீபன் பிடித்து நிறுத்துகிறான். “அடைக்காதை. உதுதான் கடைக்கு வடிவு. உள்ளுக்குச் சிவப்பு பல்ப் போடுவம்.” பிறகு சுற்றி வந்து, இடது கதவைத் தட்டிப் பார்க்கிறான். “இந்தப் பக்கம் மொட்டையாக் கிடக்குது. அதே மாதிரி இதிலையும் ஓட்டை போட்டுவிடு.” டிறில் அலறுகிறது. தகரச் சுருள்கள் மினுங்கிக்கொண்டு மண்ணில் உதிர்கின்றன. அது ஓயும்வரை மகாதேவி வைரவரை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறாள். பிறகு, வழி கேட்டவனுக்குச் சொல்வதுபோலச் சொல்கிறாள்: “தம்பி, உந்தப் பக்கத்தாலை ஒருத்தரும் சுடேல்லை.”