போர்க்களத்துப் புல்

"ஊருக்கே பெயிண்ட் கலந்து குடுக்கிற மனுஷன் நீங்க. புல்லுக்குப் போய் யாராவது செங்கல் கலர் அடிப்பாங்களா?"

மனைவி கேட்டும் பெயிண்ட் கடைக்காரர் நிமிரவில்லை. பழைய தட்டில் சிவப்பையும் பழுப்பையும் குழைத்து, அதில் மரத்தூளைக் கொட்டிப் பிசைந்துகொண்டிருந்தார். சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு போர்க்களம். தெர்மோகோலில் செதுக்கிய குன்றுகள், தீக்குச்சி வேலி, இலையில்லாத குச்சி மரங்கள், கண்ணாடித் துண்டில் ஓர் ஏரி. காலையில் இருந்து வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு தரையில்தான்.

சின்ன வயதில் அவரும் தம்பியும் இப்படித்தான் ஒரு களம் செய்து வைத்திருந்தார்கள். விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து அளந்து படையை நகர்த்துவார்கள். லீவு நாளில் அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் இருவர் காதிலும் விழாது. அது ஒரு காலம்.

தம்பி வெளிநாட்டில் இருக்கிறார். மனைவியைப் பறிகொடுத்த பிறகு போனில் 'ம்', 'சரி' தவிர பேச்சே இல்லை. போன வாரம் திடீரென்று, "அண்ணா, நம்ம போர்க்களம் இன்னும் இருக்கா?" என்று கேட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட சந்தோஷத்தில் கடைக்காரர், "அப்படியே இருக்குடா, வந்து பாரு" என்று சொல்லிவிட்டார்.

அது கரையான் அரித்துக் குப்பைக்குப் போய் எத்தனையோ வருடமாகிறது. மிஞ்சியது ஒரு செருப்புப் பெட்டி நிறையச் சிப்பாய்கள் மட்டும். இன்று தம்பி வருகிறார்.

"உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"இருந்த ஒருத்தியும் போயிட்டா. இதுவும் போயிடுச்சுடான்னு நான் எந்த வாயால சொல்றது?"

மனைவிக்கு மனசு இளகிவிட்டது. ஆனாலும் கண் அந்தப் புல்லை விட்டு நகரவில்லை.

"சரி, பாலைவனம்னாவது சொல்லிக்கலாம்."

"இல்ல, புல்வெளி." பெட்டியிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்துக் காட்டினார். அதன் காலடியில் ஒட்டியிருந்த பழைய மரத்தூளும் அதே செங்கல் நிறம். "அப்ப இருந்த மாதிரியே இருக்கணும். சிப்பாய்க்குப் பெயிண்ட் அடிக்கிறது நான். தரைக்குக் கலக்கிறது அவன். என்னைத் தட்டைத் தொடவே விடமாட்டான்."

"நல்ல வேளை, கடையை அவர் கையில குடுக்கல! நீங்க அப்ப ஒண்ணுமே சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்?" என்றவர், குன்றின் மேல் பசை தடவி மரத்தூளைத் தூவ ஆரம்பித்தார்.

மின்விசிறியை வைத்து ஒருவழியாகக் காயவைத்து, சிப்பாய்களை நிறுத்தி முடிக்கவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

தம்பி பாதியாக இளைத்திருந்தார். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு நேராக மேசைக்கு வந்தார். சின்னப் பையன் மாதிரி முட்டி போட்டு, சிப்பாய்களின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"அப்படியே வச்சிருக்கியே அண்ணா!" புல்லை விரலால் தடவிக்கொண்டே சிரித்தார். மனம் விட்டுச் சிரித்தார். "அண்ணி, இது நான் கலந்த கலர். எங்கேயும் கிடைக்காத பச்சை. இத்தனை வருஷத்துல கொஞ்சமாவது வெளுத்திருக்கா பாருங்க!"

அண்ணி மேசையைப் பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மருந்துக்குக்கூடப் பச்சை இல்லை. கணவரைப் பார்த்தார். அவர் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு நின்றார்.

"ஆமா தம்பி," என்றார் அண்ணி. "கண்ணுக்குக் குளிர்ச்சியா, பச்சைப் பசேல்னு இருக்கு."