படுத்துக் கிடந்த கோடு

"அம்மா வீட்டு மாடியில சோலார் போட்டேன்ல, பார்!" ஆபீஸ் கேன்டீனில் அவன் செல்போனில் சோலார் ஆப்பைத் திறந்து நண்பனிடம் நீட்டினான். "பாதிக் கரண்டுக்கு மேல வெளிய விக்கிறோம். 'தேவையில்லாம ஒரு சுவிட்சையும் தொடாதே'ன்னு அம்மாவை வாங்கு வாங்குன்னு வாங்கினேன். இப்ப வீட்டுக் கரண்டுச் செலவைக் காட்டுற கோடு எப்படிப் படுத்துக் கிடக்கு!"

நண்பன் உற்றுப் பார்த்தான். "மோட்டார்கூடப் போடலையே?"

"சிக்கனம்டா! சொன்னா உறைக்குதுல்ல?"

"ராத்திரி லைட்டுகூடவா?"

சிரித்தபடியே திரையில் அந்தக் கோட்டை முந்தைய நாட்களுக்கு நகர்த்தினான். நேற்று ராத்திரி விளக்கு எரியவில்லை, முந்தாநாளும் இல்லை. இரவும் பகலும் ஒரே ஒரு ஃபேன் ஓடும் அளவுக்கு மட்டுமே கரண்டு செலவாகியிருந்தது.

"அம்மா கூட யாருடா இருக்கா?"

"யாருமில்ல..."

அம்மாவின் எண்ணை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கடைசியா எப்ப பேசினே?"

அவன் மறுபடியும் அதே எண்ணை அழுத்தினான்.

"போன வாரம்... திட்டினேனே, அதுதான்டா."