துகிராவின் பெயர்

தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் பத்து வயது துகிரா கேட்டாள்: "என் பேர்ல யாருமே வரலையேம்மா?"

"நாவலை எவன் ஒழுங்கா படமெடுத்தான்? வெட்டித் தள்ளிட்டானுங்க. புத்தகத்துல அவ இருக்கா, பாரு," என்று வசுமதி போனில் நாவலைத் திறந்தாள். காலேஜில் ஏழு தடவை படித்தது. யாளி மேலேறிப் பாலத்தைக் காத்தவளின் பெயரைத்தான் மகளுக்கு வைத்திருந்தாள்.

இப்போது போனில் இருந்த நாவலிலும் பாலத்தைக் கதாநாயகன்தான் காத்தான். துகிரா எங்குமே இல்லை. 'படத்துக்கேற்பப் புதுப்பிக்கப்பட்டது' என்று ஓரத்தில் ஒரு வரி. அச்சுப் புத்தகத்தைப் போன மாதம்தான், போனில் இருக்கிறதே என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தாள்.

பதறிப்போய்த் தோழியைக் கூப்பிட்டாள்.

"துகிராவா? அப்படி யாரும் இல்லையேடி, நேத்துதான் போன்ல மறுபடி படிச்சேன்."

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லும்மா. எனக்கு யாரு பேரை வச்சே?"